காலடிப்பேட்டையில் நின்றுபோன 78 மாடல் பத்மினி: எதைப் பார்த்து வாங்குவது?

வடக்குக்காற்று
எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு பிரீமியர் பத்மினி கார் விலைக்கு வருகிறது. 1978 மாடல், பெட்ரோல், முதல் ஓனர் பெயரிலேயே இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார், மகன் விற்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வருஷக்கணக்கில் ஓடாமல் நிற்கிறது. 2023 மிக்ஜாம் புயல் மழையில் சக்கரம் பாதி வரை தண்ணீர் நின்றதை அவரே சொல்லிவிட்டார். இஞ்சின் ஜாம், அதாவது சுற்றவே மறுக்கிறது. அதற்காக விலையையும் நன்றாகவே இறக்கியிருக்கிறார். வெளியில் பாடி சுத்தமாக இருக்கிறது, பெயின்ட் பளபளப்புகூடப் போகவில்லை.

பெரம்பூரில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இருக்கிறது. இஞ்சின் ஓடுகிறது, ஆனால் பாடியில் ஓட்டைகள் கண்ணுக்கே தெரிகின்றன. எதை எடுக்கலாம், போய்ப் பார்க்கும்போது எதைப் பார்க்கணும்? பட்டறையில் கூட நின்று வேலை செய்ய முடியும். டிங்கரிங் (தகடு வெட்டி ஒட்டும் வேலை) மட்டும் தெரியாது.

டிங்கர்_ராயபுரம்
தம்பி, இஞ்சின் ஜாம்னு அவர் விலையைக் குறைச்சா குறைக்கட்டும், நீங்க அதை வச்சு முடிவெடுக்காதீங்க. பத்மினி இஞ்சின் எவ்வளவு கெட்டிருந்தாலும் இறக்கிப் பிரிச்சு அளந்துட்டா, இவ்வளவு ஆகும்னு வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே கணக்குச் சொல்லிடலாம். துருவுக்கு அப்படிக் கணக்கு கிடையாது. கை அளவு ஓட்டைன்னு வெட்ட ஆரம்பிச்சா, வெல்டிங் பிடிக்கிற மாதிரி நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும்.

பத்மினிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடற சில், முன்னாடியும் பின்னாடியும் போற பெட்டித் தகடு, இதெல்லாம் சேர்ந்ததுதான் சேசிஸ். மேலே பெயின்ட் பளபளன்னு இருந்து கீழே சில் போயிருந்தா அந்த வண்டிக்கு முதுகெலும்பு இல்லைன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, கூரைக்கு அடியில நின்னுச்சுங்கறதை நல்லதா எடுத்துக்காதீங்க. நம்ம பக்கம் கடல் காத்துல உப்பு வந்து படிஞ்சுக்கிட்டே இருக்கும். வெட்டவெளியில நிக்கிற வண்டியில மழை அதைக் கழுவிவிட்டுடும். கூரைக்கடியில கழுவவே கழுவாது. ராத்திரி ஈரத்துல அந்த உப்பு நனைஞ்சு தகட்டை அரிச்சுக்கிட்டே இருக்கும். வண்டியோட எந்தப் பக்கம் கிழக்கே பார்த்து நிக்குதுன்னு முதல்ல பாருங்க. சோதனையை அந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க.

கையில எடுத்துட்டுப் போகவேண்டியது: துணி சுத்தின சின்னக் காந்தம், கூர் மழுங்கின ஸ்க்ரூடிரைவர், டார்ச், கைக்கண்ணாடி, ஒரு ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில வைக்க ஒரு மரப்பலகை. காந்தத்தை முன் ஃபெண்டர்ல சக்கரத்துக்குப் பின்னாடி வர்ற கீழ்ப்பகுதி, நாலு கதவோட அடி நாலு அங்குலம், பின் சக்கர வளைவு, டிக்கி மூடியோட ஓரம், இங்கெல்லாம் ஓட்டிப் பாருங்க. மேல்தகட்டுல கப்புனு பிடிச்ச காந்தம் கீழே நழுவினா அங்கே பட்டிதான் (பள்ளத்தை நிரப்பற பசை) இருக்கு. ரெண்டு மில்லிமீட்டர் பட்டி பரவாயில்லை. காந்தமே பிடிக்கலைன்னா தகடே இல்லாம பட்டியை மட்டும் பூசி வச்சிருக்காங்க.

அப்புறம் ரப்பர் மேட்டைத் தூக்கி டிரைவர் கால் வைக்கிற இடத்தையும் முன்சீட்டுக்கு அடியையும் ஸ்க்ரூடிரைவரால அழுத்துங்க. குத்த வேண்டாம், அழுத்தினாலே தெரிஞ்சிடும். டிக்கியில ஸ்டெப்னியை எடுத்துட்டு அந்தக் குழியைப் பாருங்க. பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற ஹேங்கர் நாலு இடம் ரொம்ப முக்கியம். அங்கே தகடு அடுக்கடுக்கா பெயர்ந்து வந்தா வண்டியை விட்டுடுங்க. டேஷ்போர்டுக்கு அடியில தலையை விட்டு, முன்கண்ணாடி ரப்பரோட ரெண்டு கீழ்மூலையையும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

கடைசியா சில். அதோட அடியில தண்ணி வடியறதுக்குச் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். கறுப்புத் தார் பூசி அதை அடைச்சிருப்பாங்க. ஒண்ணைக் குத்தித் திறங்க. தூள் கொட்டினா உள்ளே இருக்கிற தகடு கழண்டு விழுந்துக்கிட்டு இருக்கு. அப்புறம் சில்லோட பின்கோடிக்குப் பக்கத்துல, நல்ல தகடு இருக்கிற இடத்துல பலகை வச்சு ஜாக்கி போட்டு மெதுவா ஏத்துங்க. சக்கரம் தரையை விட்டு எழும்பற நேரத்துல அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பாருங்க. முன்னாடி சரியா விழுந்த கதவு இப்போ இடிச்சாலோ, மேல் இடைவெளி குறைஞ்சாலோ பாடி மடங்குதுன்னு அர்த்தம்.

பழைய_ஃபியட்
டிங்கர் அண்ணன் சொன்னதுக்கு மேல் பாடியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். சக்கரம் பாதி வரை என்றால் ஆக்சில் மட்டம். பின் ஆக்சிலின் மூச்சுத்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். பின் ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியின் வடிகால் போல்ட்டைத் தளர்த்தினால் கனமான தண்ணீர்தான் முதலில் வரும். எண்ணெய் மோர் நிறத்தில் வந்தாலும் அதே கதை. கியர்பாக்ஸிலும் அப்படியே பாருங்கள். கதவுப் பேடைக் கழற்ற விட்டால் உள்ளே சேற்றுக்கோடு எந்த உயரத்தில் என்று தெரியும். சொன்ன மட்டத்துக்கு மேலே இருந்தால் டைனமோ, ஸ்டார்ட்டர், ஒயரிங் மூன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மழையில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததால், அந்தப் பகுதி வண்டி என்றால் கறுப்புப் பிசுக்குக் கோடும் இருக்கும்.

இப்போது இஞ்சின். 1089 சிசி, 68 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). வார்ப்பிரும்பு பிளாக், அலுமினியம் ஹெட். நீண்ட நாள் நின்று ஜாமானதில் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கும். பேட்டரி போட்டு ஸ்டார்ட்டரால் சுற்றவே கூடாது. ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். வண்டியைக் கியரில் போட்டுத் தள்ளுவதும் அதே தப்புதான்.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 30 மி.லி. அளவு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்) எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கிய சிலிண்டர் விடுபட ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, ஓடும் திசையில் கொஞ்சம், எதிர்த்திசையில் கொஞ்சம் என்று அசைக்க வேண்டும். மேலே ஏறி மிதிக்காதீர்கள்.

விடுபட்டாலும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழைய ஆயிலை வடித்து, இஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றி, ஆயில் பம்ப் சல்லடையை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். ஆறிய களிம்பு மாதிரி அடைத்திருக்கும். 20டபிள்யூ-50 இஞ்சின் ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமல் ஆயில் விளக்கு அணையும் வரை சுற்றவிட்டு, பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளவெடுங்கள். நாலு சிலிண்டருக்கும் இடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். அளவு ஏறினால் ரிங் அல்லது போர். ஏறவில்லை என்றால் வால்வு. அதுவும் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்.

செம்பியம்காரன்
பழைய_ஃபியட் சொன்ன முறை சரி. ஆனால் இந்த வண்டிக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கடலோரத்தில் இவ்வளவு காலம் நின்ற இஞ்சினில் ரிங் நின்ற இடத்தில் குழித் துரு விழுந்திருக்கும். விடுவித்து ஓடவைத்தாலும் ஆயில் குடிக்கும், ரிங் சீக்கிரம் போகும். இறக்கிப் பிரிப்பதுதான் நேர்வழி.

ஹெட்டைக் கழற்றும்போது ஸ்டட்டில் அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரை இடையில் விட்டு நெம்பினால் ஹெட் முகம் போய்விடும். துளைக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே தூக்க வேண்டும். தூக்கியதும் தண்ணீர்த் துளைகளின் ஓரத்தைப் பாருங்கள். அரிப்பு கேஸ்கெட் வளையம் வரை போயிருந்தால் அலுமினியம் வெல்டிங் போட்டு ஃபேசிங் (முகத்தைச் சீவிச் சமமாக்குவது) செய்ய வேண்டும். நேர்விளிம்பு வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் தகடு நுழைந்தாலே ஃபேசிங் தேவை.

தண்டையார்பேட்டையில் இருந்து எண்ணூர் வரை போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறியிருப்பது எல்லாருக்கும் தெரியும். அதை ரேடியேட்டரில் ஊற்றிய வண்டிகளில் ஹெட்டும் பிளாக்கின் பக்கவாட்டில் துளையை மூடும் தட்டுப் பிளக்குகளும்தான் முதலில் போகின்றன. வேலை முடிந்ததும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும்.

போரை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ரீபோர் (துளையைக் கடைந்து பெரிதாக்குவது) ஆகியிருந்தால் பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் அளவு பொறித்திருக்கும். அடுத்த அளவு பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் லேத்துக்குப் பிளாக்கைக் கொடுக்க வேண்டும். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, கூடவே வரும் சீட்டில் இருக்கிற இடைவெளி விட்டுப் போர் அடிப்பதுதான் முறை. பிளாக்கை முதலில் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைவது இப்போது அதிகமாக நடக்கிறது. ஒரு காலத்தில் நம் செம்பியம் இந்தியா பிஸ்டன்ஸ் ஊரிலேயே எந்த அளவும் வாங்க முடிந்தது. மும்பையில் கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டதால் இனி கடைகள் சரக்குப் போடுவது குறையும். அளவு கிடைக்கவில்லை என்றால் லைனர் (சிலிண்டருக்குள் இறக்கும் உள்குழாய்) இறக்கி ஸ்டாண்டர்ட் 68-க்கே திரும்பிவிடலாம்.

ஆர்சிபுக்
காகிதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டியது அது.

ஓனர் இறந்துவிட்டதால் மகன் நேரடியாகப் பெயர் மாற்றப் படிவம் 29, 30 போட்டு உங்களுக்கு மாற்ற முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வைத்துப் படிவம் 31 மூலம் முதலில் அவர் பெயருக்கு வர வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி. புக்கில் பழைய கடன் பதிவு இருந்தால் வங்கியிடம் படிவம் 35 வேண்டும். அந்தக் காலத்துப் புத்தகம் வாகன் என்ற அரசுப் பதிவுக் கணினியில் ஏறியிருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். ஏறவில்லை என்றால் பதிவு செய்த ஆர்.டி.ஓ.வில் பழைய பதிவை ஏற்ற மனுக் கொடுக்க வேண்டும்.

சேசிஸ் எண் பொறித்த இடத்தைச் சுரண்டாமல், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தாள் வைத்துப் பென்சில் தேய்த்து எடுங்கள். ஆர்.சி.யோடு ஓர் எழுத்து ஒத்துப்போகவில்லை என்றாலும் வாங்காதீர்கள். பின்னால் டிங்கரிங் நடக்கும்போது அந்தத் தகட்டை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது. இஞ்சின் எண்ணும் அப்படியே. பழைய டாக்சி இஞ்சின் ஏறியிருந்தால் ஆர்.சி.யில் பதிவு இருக்க வேண்டும்.

பதிவு 15 வருஷம் முடிந்ததும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் 20 வருஷத்துக்கு மேற்பட்ட காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 10,000 ரூபாய். தாமதத்துக்கு மாதக் கணக்கில் அபராதம், பசுமை வரி தனி. வண்டி ஆய்வுக்கு நேரில் வந்தாக வேண்டும். அதாவது வேலை முடிந்து ஓடினால்தான் பதிவு உயிர் பெறும். அதனால் பெயர் மாற்றத்துக்கான கையெழுத்தெல்லாம் பணம் கொடுக்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.

விண்டேஜ் பதிவு வேண்டுமா என்றும் யோசியுங்கள். 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த வண்டிக்குத்தான் கிடைக்கும். 78 மாடலுக்கு 2028. கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும், எண்ணில் 'வி.ஏ.' எழுத்து வரும். ஆனால் அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. வேலைக்கு ஓட்டிப் போகிற எண்ணம் இருந்தால் சாதாரணப் பதிவையே காப்பாற்றுங்கள்.

முன்பானெட்
ஹெரால்டைத் தள்ளிவிட வேண்டாம். மெட்ராஸிலேயே செய்த கார் அது. துருவைப் பொறுத்தவரை கட்டமைப்பே வேறு: தனிச் சேசிஸ் மேல் பாடி போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாடி ஓட்டை கண்ணுக்குத் தெரிவது அங்கே பெரிய கெடுதல் இல்லை. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும் பின் ஆக்சில் பக்கத்துச் சட்டமும் தட்டினால் கணீரென்று இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்சக்கரத்து வெர்ட்டிக்கல் லிங்க் என்ற நிமிர்ந்த தண்டின் அடியில் இருக்கும் டிரன்னியன் என்ற திருகு மூட்டுக்குக் கிரீஸ் போடாமல் 90 கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்தே ஓட்டிய வண்டியில் உள்ளே துருப்பிடித்து, ஸ்டியரிங் திருப்பும்போது லிங்க் ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். அது ஒன்றுதான் உயிர் சமாசாரம். பாகம் கிடைப்பதில் பத்மினிதான் மேல், அதை மறுக்கவில்லை.

வடக்குக்காற்று
எல்லாம் பார்த்தேன். கிழக்குப் பக்கம் வலது பக்கம். வலது சில்லில் மூன்று இடத்தில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனது, ஜாக்கி போட்டதும் வலது பின்கதவு இடித்தது. இடது சில் கெட்டி. ஹேங்கர் நாலும் நன்றாக இருக்கின்றன. டிரைவர் குதிகால் இடத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை. வலது முன் ஃபெண்டர் அடியில் காந்தம் பிடிக்கவில்லை. கதவுக்குள் சேற்றுக்கோடு இல்லை. டிஃபரன்ஷியலில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. சேசிஸ் எண், இஞ்சின் எண் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆர்.சி. 2018-இல் காலாவதி.

டிங்கர்_ராயபுரம்
ஹேங்கரும் இடது சில்லும் நல்லா இருந்தா எடுக்கலாம். ஆனா வலது சில் முழுசா மாத்தணும், ஒட்டுப் போடற வேலை இல்லை. விலை பேசும்போது இஞ்சினை விட்டுட்டு அந்தக் கதவு இடிக்கறதைக் காட்டிப் பேசுங்க.

வேலை எப்படி நடக்கணும்னு சொல்றேன், பட்டறையில கூட நின்னு பாருங்க. சமதரையில வண்டி பாரம் சஸ்பென்ஷன் மேல உட்கார்ற மாதிரி ஸ்டாண்ட் போடணும். பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைக்கணும், பேட்டரியும் இருக்கக் கூடாது. கதவைக் கழட்டிட்டு, திறப்புக்குக் குறுக்கே முன்தூண்ல இருந்து நடுத்தூண், நடுத்தூண்ல இருந்து பின்தூண்னு ஓரங்குலச் சதுரப் பைப்பை வெல்டு அடிச்சு நிறுத்தணும். இதைச் செய்யாம சில்லை வெட்டினா தரை தொங்கிடும், அப்புறம் எந்தக் கதவும் ஆயுசுக்கும் சரியா விழாது.

வெளிச் சில்லுக்கு 18 கேஜ், உள்தகட்டுக்கு 16 கேஜ், ரெண்டும் சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத இரும்புத் தகடு). எட்டுக்கு நாலு 18 கேஜ் தாள் ஒண்ணு சுமார் 28 கிலோ வரும், ஒரு பக்கத்துக்கும் தரை ஓட்டைக்கும் தாராளம். துரு பிடிக்காதுன்னு துத்தநாகம் பூசின ஜி.ஐ. ஷீட் போடச் சொல்வாங்க, கேட்காதீங்க. வெல்டு படற இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிடும், வெல்டுல காத்துக்குமிழி விழும், புகையும் உடம்புக்கு ஆகாது. கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டுல தகடு நெளியும். 0.8 மி.மீ. ஒயர்ல மிக் வெல்டிங் போடச் சொல்லுங்க. மேல்தகட்டுல 6 மி.மீ. ஓட்டை, ஒண்ணரை அங்குலத்துக்கு ஒண்ணு போட்டு அதுவழியா அடியில பிடிக்க வைக்கணும். தொடர்ச்சியா இழுக்காம, இங்கே ஒரு அங்குலம், ஆறவிட்டு அங்கே ஒரு அங்குலம். முழுசா அடிக்கறதுக்கு முன்னாடி கதவை மாட்டி நாலு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கான்னு பார்த்துக்கணும். வடிகால் ஓட்டையை மறுபடி போடச் சொல்ல மறக்காதீங்க.

பெயின்ட்டுக்கு முன்னாடி சுரண்டின இடத்தையெல்லாம் நல்ல தண்ணியில கழுவணும், போர்வெல் தண்ணி தொடவே கூடாது. உப்பு மிச்சமிருந்தா எந்த பிரைமர் அடிச்சாலும் ஒரு வருஷத்துல கொப்புளம் எழும்பும். கழுவி, சூட்டுக்காத்துல காயவச்சு, அன்னைக்கே எபாக்ஸி பிரைமர். ஐப்பசி கார்த்திகையில ஸ்பிரே வேண்டாம். ஈரக்காத்துல பெயின்ட் மேல வெள்ளை படரும். தை பிறந்ததும் வச்சுக்கோங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் சில்லுக்குள்ளே ஓட்டை வழியா மெழுகு ஸ்பிரே அடிக்கணும்.

பழைய_ஃபியட்
வாங்குவது முடிவானால் பிரேக்கை முழுசாகப் புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றுதான், ஓர் இடத்தில் கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். வீல் சிலிண்டர் சுவரில் விரல் நகம் தட்டுகிற குழி இருந்தால் ரப்பர் கிட் மட்டும் போட்டு மூடாதீர்கள், சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. பழைய ஹோஸ் உள்ளே உப்பி, மிதித்த பிரேக் திரும்ப விடாது. பிரேக் குழாயில் இருக்கும் காற்றை எடுக்கும்போது மாஸ்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் ஆரம்பிக்கவும்.

முன்சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்னைச் சோதிக்க: முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்கவில்லை என்றால் கிங் பின்.

இப்போது பங்கில் கிடைப்பது இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் அதில் உப்பிக் கிழியும். எத்தனால் தாங்கும் குழாய், டயாஃப்ரம் போடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடவும். எத்தனால் ஈரத்தை இழுத்து, கிண்ணத்தின் அடியில் தண்ணீராகத் தங்கி ஜெட்டை அரிக்கும்.

வடக்குக்காற்று
விலை படிந்துவிட்டது, வாரிசுகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். வண்டியைப் பட்டறைக்கு எப்படிக் கொண்டுபோவது? பின்சக்கரம் இரண்டும் சுற்றவில்லை.

டிங்கர்_ராயபுரம்
கயிறு கட்டி இழுக்காதீங்க, கொக்கி போட்டு முன்பக்கம் தூக்கற வண்டியும் வேண்டாம். வலது சில் போன பாடி தூக்கினா மடங்கும். நாலு சக்கரமும் ஏறி நிக்கிற தட்டு வண்டிதான் வேணும். பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டியிருக்கும். ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்தி, பிளீடர் நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை விட்டுட்டு, டிரம்மோட விளிம்பைச் சுத்திச் சுத்தித் தட்டுங்க. முகத்துல அடிக்காதீங்க, வார்ப்பு விரியும். காத்துள்ள நாலு 14 அங்குலச் சக்கரம் கடனா வாங்கி மாட்டிக்கிட்டா தள்ளி ஏத்த நாலு ஆள் போதும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல பகல்ல கன்டெய்னர் வரிசை நிக்கும். விடியக்காலையில டி.எச். ரோடு (திருவொற்றியூர் ஹை ரோடு) வழியா வந்துடுங்க.